நிறுவல் வட்டிலிருந்து லேப்டாப் பூட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. லேப்டாப் பழுது பார்ப்பதுதான் தொழில். டிவிடியின் காலம் முடிந்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். குமரி மாவட்டத்து வீடுகளுக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. ரப்பர் ஷீட் வாங்கும் கடை, கோயில் கமிட்டி, பங்கு அலுவலகம், ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடு என்று எங்கே போனாலும் டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் ஒன்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. அது மக்கர் செய்யும் நாளில், விண்டோஸை மறுபடி நிறுவ அலமாரியிலிருந்து ஒரு வட்டை எடுத்துப் போடுகிறார்கள். லேப்டாப் அந்த வட்டிலிருந்து கிளம்புவதில்லை, அதாவது பூட் ஆவதில்லை. எனக்குப் போன் வருகிறது.

போனில் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "லேப்டாப் கெட்டுவிட்டது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் லேப்டாப் கெடவில்லை. வட்டு சரியாக எழுதப்படவில்லை, அல்லது அந்த லேப்டாப் எதிர்பார்க்கும் முறையில் எழுதப்படவில்லை. ஆகவே ஸ்குரூ டிரைவரைக் கடைசியில் எடுங்கள்.

வட்டைப் போட்டுத்தான் லேப்டாப்பை ஆன் செய்கிறேன். பழைய விண்டோஸே திறக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. மின்விசிறியை நிறுத்துங்கள். வட்டு உள்ளே இருக்கும்போது லேப்டாப்பை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். டிரைவ் இருக்கும் பக்கம் காதை வையுங்கள்.

நல்ல டிரைவ் வட்டைப் பிடித்ததும் சுழன்று வேகம் எடுத்து, சிறிது நேரம் ஒரே சீராக ஓடும். படிக்கத் திணறும் டிரைவ் சுழலும், நிற்கும், டிக் டிக் என்று லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும், மறுபடி சுழலும், அப்புறம் அடங்கிவிடும். மூன்றாவது வகை, சத்தமே வராதது.

சீராகச் சுழன்றும் பழைய விண்டோஸ் திறக்கிறது என்றால் சந்தேகம் பூட் வரிசையின் (லேப்டாப் எதிலிருந்து முதலில் கிளம்பப் பார்க்கும் என்ற வரிசை) மேலும் வட்டை எழுதிய விதத்தின் மேலும் போக வேண்டும். டிக் டிக் கேட்டால் வட்டில் கீறல், அல்லது லென்ஸில் அழுக்கு. சத்தமே இல்லை என்றால் லேப்டாப் அந்த டிரைவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் நிறுவல் எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றால் அது பூட் ஆகாத கோளாறே அல்ல. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

இந்த ஒரு நிமிடச் சோதனையை யாரும் செய்வதில்லை. "எடுக்க மாட்டேன் என்கிறது" என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று வேறு கோளாறுகளையும் அடக்கிவிடுகிறார்கள்.

பூட் மெனுவுக்கு எந்த விசையை அழுத்த வேண்டும்?

எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியல்தான் பூட் மெனு. அதன் விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், தோஷிபா என்றால் எஃப்12. லெனோவோவிலும் எஃப்12தான், சில மாடல்களில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்கு நோவோ பட்டன் என்று பெயர், அணைத்த நிலையில் அதைக் குத்தினால் மெனு வந்துவிடும். எச்.பி.யில் முதலில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் ஒரு சிக்கல்: பல ஏசர் மாடல்களில் அந்த மெனுவையே பூட்டி வைத்திருப்பார்கள். எஃப்2 அழுத்தி பயாஸ் (லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை நிரல்) உள்ளே போய், முதல் பக்கங்களில் "எஃப்12 பூட் மெனு" என்ற வரியைத் தேடி, அதை "எனேபிள்டு" என்று மாற்றிவிட்டு வர வேண்டும்.

விசையை ஒருமுறை அழுத்திப் பிடிக்காதீர்கள். பவர் பட்டனைத் தொட்டதிலிருந்து தட்டிக்கொண்டே இருங்கள். விண்டோஸ் 8 முதல் வந்தவற்றில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் கொடுத்தாலும் லேப்டாப் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்; விழிக்கும்போது விசையைக் கவனிக்காது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு "ரீஸ்டார்ட்" கொடுத்தால் ஒரு நீலத் திரை வரும். அதில் "யூஸ் எ டிவைஸ்" என்பதில் டிவிடியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் அதே திரையின் உள்பக்கங்கள் வழியாக பயாஸுக்குப் போகலாம்.

கறுப்புத் திரையில் "பிரஸ் எனி கீ டு பூட் ஃப்ரம் சிடி ஆர் டிவிடி" என்று வந்து போய்விடுகிறது.

ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்கிறது, தட்டுங்கள். சில விநாடிகள்தான் காத்திருக்கும். இதற்காகக் களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. நான் காசு வாங்கவில்லை.

டிவிடியை நானே எழுதினேன். கோப்பு அதில் இருக்கிறது, திறந்தால் தெரிகிறது. ஆனால் பூட் ஆகவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தக்கலைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருநாள் மூன்று டிவிடிகளோடு வந்தார். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில்; மேலே முத்து முத்தான கையெழுத்தில் தேதி.

"தம்பி, மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றும் எடுக்கவில்லை. டிரைவ் போய்விட்டது போலிருக்கிறது."

"சார், வட்டைத் திறந்தால் உள்ளே என்ன தெரிகிறது?"

"அந்த விண்டோஸ் கோப்புதான். ஒரே கோப்பு."

அந்த "ஒரே கோப்பு" என்பதிலேயே விடை இருந்தது. இணையத்திலிருந்து இறக்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பு என்பது ஒரு முழு வட்டின் வார்ப்பு. அதை அப்படியே காப்பி செய்து டிவிடியில் போட்டால், ஒரு கோப்பு இருக்கும் வட்டுதான் கிடைக்கும். கட்டித் தந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுப்பில் வைத்தது போல. எழுதும் மென்பொருளிடம் "இந்தக் கோப்பை எழுது" என்று சொல்லக் கூடாது, "இந்த வார்ப்பிலிருந்து வட்டை உருவாக்கு" என்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 முதலே இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம்: ஐ.எஸ்.ஓ. கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் "பர்ன் டிஸ்க் இமேஜ்" என்று வரும். அங்கே "வெரிஃபை" என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். எழுதி முடித்ததும் தானே திரும்பப் படித்துச் சரிபார்க்கும்.

சரியாக எழுதிய விண்டோஸ் வட்டைத் திறந்தால் பூட், இ.எஃப்.ஐ., சோர்சஸ் என்ற ஃபோல்டர்களும் செட்அப் என்ற கோப்பும் தனித்தனியாகத் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் அடுத்த தவற்றைச் செய்கிறார்கள். ஐ.எஸ்.ஓ.வை ஜிப் கோப்பைப் போலப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை எடுத்து டிவிடியில் எழுதுகிறார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், பூட் மட்டும் ஆகாது. காரணம், வட்டு பூட் ஆவதற்கான குறிப்பு கோப்புகளுக்குள் இல்லை. வட்டின் தொடக்கத்தில், கோப்புப் பட்டியலுக்கு வெளியே, அதற்கென்று ஒதுக்கிய ஒரு பகுதியில் இருக்கிறது. 1995-இல் ஐ.பி.எம். நிறுவனமும் ஃபீனிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு எல் டோரிட்டோ என்று பெயர். கலிஃபோர்னியாவில் அந்தப் பெயருள்ள ஒரு உணவகத்தில் பேசியபோது பிறந்த யோசனை என்பார்கள். நம் ஊராக இருந்தால் ஏதாவது ஒரு டீக்கடையின் பெயர் வந்திருக்கும். கோப்புகளை மட்டும் எடுத்து எழுதும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப்போகிறது.

அளவையும் பாருங்கள். சிடியில் 700 எம்.பி. கொள்ளும். டிவிடியின் மேல் 4.7 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.37 ஜி.பி.தான். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளும் விண்டோஸ் 11-உம் அதில் அடங்காது, 8.5 ஜி.பி. கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும், அல்லது பென் டிரைவ். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் சுமார் 3 ஜி.பி. அளவிலேயே வருவதால் சாதாரண டிவிடியிலேயே எழுதலாம்.

எழுதும் வேகத்தைக் குறையுங்கள். 4எக்ஸ் வேகத்தில் ஒரு முழு டிவிடிக்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும். 16எக்ஸில் விரட்டி எழுதிய வட்டை உங்கள் புது டிரைவ் படித்துவிடும், பத்து வயதான டிரைவ் படிக்காமல் போகலாம்.

ஆசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வகுப்பில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்" என்றார். நான்காவது வட்டைக் கடையிலேயே உட்கார்ந்து அவரே எழுதினார். கிளம்பியது.

அதே வட்டு பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரில் பூட் ஆகிறது. என் லேப்டாப்பில் மட்டும் டிக் டிக்.

அப்படியானால் வட்டு குற்றமற்றது. டிரைவின் லென்ஸைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வீட்டுச் சோதனை. லேப்டாப்பில் பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால், கல்யாண டிவிடியைப் போட்டுப் பாருங்கள். நம் மாவட்டத்தில் கல்யாண டிவிடி இல்லாத வீடு ஏது? ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த அந்த வட்டு தாலி கட்டு வரை தடங்கலில்லாமல் ஓடினால் டிரைவ் உயிரோடு இருக்கிறது. பாட்டு சிடியைப் போட்டுவிட்டு "பாடுகிறதே" என்று சொல்லாதீர்கள். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் தனித்தனி. ஒன்று செத்து இன்னொன்று பிழைத்திருப்பது சாதாரணம்.

இனி லென்ஸ். லேப்டாப் டிரைவின் தட்டை இழுத்தால் லென்ஸும் கூடவே வெளியே வரும். கடுகை விடச் சற்றுப் பெரிய, நீலம் ஓடிய கண்ணாடிப் பொட்டு. டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் டிரைவ்களில் அந்தப் பொட்டின் மேல் பாலாடை போல ஒரு மெல்லிய படலம் இருக்கும். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து படிந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியின் நுனியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, இமையைத் தொடுவது போலத் தொட்டு இரண்டு சுற்று. அவ்வளவுதான். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் அதோடு முடிந்தது. சென்ட், ஷேவிங் லோஷன், வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம்.

குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கத்துக்கு வேறு தொல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மலையடிவாரத்தில் அலமாரி காய்வதே இல்லை. பிளாஸ்டிக் பையில் வைத்த வட்டில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படரும். லேசான சோப்பு நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும்; டிரைவால் அதைத் தாண்ட முடியாது.

துடைத்தபின் டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். ஊசி முனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளிப்பூச்சு உதிர்ந்திருக்கிறது. அந்த வட்டைத் தோட்டத்து வேலியில் கட்டலாம், காக்காய் வராது. சிடியின் மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதும் தவறு. அங்கே தகவல் அடுக்குக்கு மேல் வெறும் வார்னிஷ்தான் இருக்கிறது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அவ்வளவு ஆபத்து இல்லை.

பூட் மெனுவில் டிவிடி டிரைவின் பெயரே வரவில்லை.

டிரைவ் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் அதன் பெயர் எச்.எல்.-டி.டி.-எஸ்.டி. என்றோ மட்ஷிட்டா என்றோ வாயில் நுழையாத ஏதோ ஒன்றாக பயாஸில் தெரியும். தெரியவில்லை என்றால் டிரைவ் தளர்ந்திருக்கலாம். பல லேப்டாப்களில் அதைப் பிடித்திருப்பது அடிப்பக்கத்து ஒற்றை ஸ்குரூ. பேட்டரியைக் கழற்றி, ஸ்குரூவை எடுத்து, டிரைவை வெளியே இழுத்து மறுபடி இறுக்கமாகத் தள்ளிப் பாருங்கள்.

ஒருமுறை ஒரு பெண் வந்தார். டிரைவின் பட்டனை எத்தனை அழுத்தியும் தட்டு வரவில்லை என்றார். கழற்றினால் அங்கே டிரைவே இல்லை. முன்பு யாரோ ஒருவர் எஸ்.எஸ்.டி. போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி டிரைவின் இடத்தில் ஒரு சட்டத்தில் வைத்து மாட்டிவிட்டு, வெளிப்பக்க மூடியை மட்டும் அழகாக ஒட்டியிருந்தார். கேடி என்பார்கள் அந்தச் சட்டத்தை. நல்ல வேலைதான், சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

"மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று வருகிறது. டிவிடி கேபிள் போய்விட்டதா?

இல்லை. அது நெட்வொர்க் கேபிள். டிவிடியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒன்றும் கிடைக்காததால் லேப்டாப் கடைசி முயற்சியாக நெட்வொர்க் வழியாக பூட் ஆகப் பார்க்கிறது; அங்கே வயர் இல்லை என்று புலம்புகிறது. இந்த வரியைப் பார்த்து யாராவது டிவிடி கேபிள் மாற்றச் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

செக்யூர் பூட், யூ.இ.எஃப்.ஐ., லெகசி என்கிறார்களே, இவை என்ன? எதை மாற்ற வேண்டும்?

லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை நிரலுக்குப் பழைய தலைமுறையில் பயாஸ் என்று பெயர், புதிய தலைமுறையில் யூ.இ.எஃப்.ஐ. புதியது பழையதைப் போல நடித்துக் காட்டும் வசதிக்கு லெகசி அல்லது சி.எஸ்.எம். என்று பெயர். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே செக்யூர் பூட் என்ற காவல்காரனும் வந்தான். கையொப்பம் சரியாக உள்ள வட்டைத்தான் உள்ளே விடுவான். விண்டோஸ் 7 டிவிடிக்கு அந்தக் கையொப்பம் கிடையாது. பழைய லினக்ஸ் வட்டுகளுக்கும் கிடையாது. அதனால்தான் உங்கள் மாமா வீட்டு 2010 லேப்டாப்பில் ஓடும் வட்டு உங்களுடைய புதிய லேப்டாப்பில் வாசலிலேயே நிற்கிறது.

வழி: பயாஸ் உள்ளே போய் செக்யூர் பூட்டை நிறுத்தி, லெகசியை இயக்க வேண்டும். இரண்டு இடங்களில் மக்கள் திகைக்கிறார்கள். ஏசரில் செக்யூர் பூட் வரி சாம்பல் நிறமாக, தொட முடியாமல் இருக்கும். முதலில் ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை உடனே ஒரு நோட்டில் எழுதுங்கள், மறந்தால் லேப்டாப் மேல் எனக்கு நிறைய வேலை வந்துவிடும். எச்.பி.யில் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டி அதைத் தட்டி என்டர் கொடுக்கச் சொல்லும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. "கீபோர்டும் போய்விட்டது" என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எண்ணைத் தட்டி என்டரை அழுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டைத் தொட்டதும் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது. பயாஸில் கை வைப்பதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட் மெனுவில் ஒரே டிவிடி இரண்டு முறை வருவதையும் கவனியுங்கள்: ஒன்று யூ.இ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டோடு, ஒன்று அது இல்லாமல். தவறானதைத் தேர்ந்தெடுத்தாலும் நிறுவல் தொடங்கிவிடும், பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் "ஜி.பி.டி. வகை, இதில் நிறுவ முடியாது" என்றோ "எம்.பி.ஆர். வகை" என்றோ முறைக்கும். ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்து வைக்கும் புதிய முறை ஜி.பி.டி., பழைய முறை எம்.பி.ஆர். உடனே டிஸ்க்கை அழிக்காதீர்கள். வெளியே வந்து, மெனுவில் மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தாலே பல நேரம் போதும். டிஸ்க் ஜி.பி.டி. என்றால் யூ.இ.எஃப்.ஐ. வரி, எம்.பி.ஆர். என்றால் மற்றது.

விண்டோஸ் 7 வட்டு பூட் ஆகிறது. ஆனால் டிவிடி டிரைவர் இல்லை என்கிறது, மவுஸும் அசையவில்லை.

விண்டோஸ் 7 பிறந்தபோது யூ.எஸ்.பி. 3.0 பரவலாக இல்லை. அதற்கான டிரைவர் (கருவியை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சின்ன நிரல்) அந்த வட்டில் இல்லை. நீலநிற யூ.எஸ்.பி. துளையில் செருகிய வெளி டிரைவிலிருந்து பூட் ஆகும், பிறகு அதே டிரைவை விண்டோஸுக்கு அடையாளம் தெரியாது. கறுப்புத் துளை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசரிலிருந்து பழைய யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டுப் பகுதியையே எடுத்துவிட்டதால் அங்கே இந்த உபாயமும் பலிக்காது.

என் கருத்தைக் கேட்டால், விண்டோஸ் 7-ஐ விட்டுவிடுங்கள். 2020 ஜனவரி 14-உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் பொது ஆதரவு முடிந்தது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் நான் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன். முதல் வாரம் திட்டுவார்கள். இரண்டாவது வாரம் போன் வராது.

வெளியே செருகும் டிவிடி டிரைவ் வாங்கினேன். விளக்கு எரிகிறது, சுழல மறுக்கிறது.

மின்சாரம் போதவில்லை. யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். இரட்டை முனை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஹப் வழியாகச் செருகாதீர்கள்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப். பாஸ் லினக்ஸை அழித்தேன். இப்போது "கிரப் ரெஸ்க்யூ" என்று நிற்கிறது. வட்டும் எடுக்கவில்லை.

2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் நிரலின் பெயர் கிரப். அதன் உடல் லினக்ஸ் பகுதியில் இருக்கிறது, தலை ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கிறது. இடம் மிச்சப்படும் என்று லினக்ஸ் பகுதியை அழித்ததும் தலை மட்டும் மிஞ்சி, உடலைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக நிறுவவே தேவையில்லை. அதே பதிப்பின் விண்டோஸ் வட்டில் பூட் செய்து, "ரிப்பேர்" என்ற வரிக்குள் போய், கட்டளைத் திரையில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்-எம்.பி.ஆர். என்ற சேர்க்கையோடு கொடுத்தால் பழைய தலை போய் விண்டோஸின் தலை வந்துவிடும். பழைய பயாஸ் முறை லேப்டாப்புக்குத்தான் இது பொருந்தும். வட்டு எடுக்கவில்லை என்றால், கிரப் வருவதற்கு முன்பே பூட் மெனு விசையைத் தட்டியிருக்க வேண்டும். டிவிடி டிரைவே இல்லாத மாடல் என்றால் பென் டிரைவ்தான்.

பேசாமல் பென் டிரைவிலேயே போடலாமா?

போடலாம். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். 8 ஜி.பி. பென் டிரைவ், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள், ஐ.எஸ்.ஓ. கோப்பு, அரை மணி நேரம். ரூஃபஸில் ஜி.பி.டி.யா எம்.பி.ஆரா என்று கேட்கும் இடத்தில் மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். மேலே சொன்ன அதே யூ.இ.எஃப்.ஐ., லெகசி கணக்குதான். கோப்புகளைக் கையால் இழுத்துப் போடுகிறவர்கள் ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸின் பெரிய கோப்பு பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டும்.

பயாஸில் டிவிடியை முதலில் வைத்தாலும் மறுநாள் மறந்துவிடுகிறது. தேதியும் தவறு.

பயாஸின் நினைவையும் கடிகாரத்தையும் காக்க உள்ளே ஒரு வட்டப் பொத்தான் பேட்டரி இருக்கிறது, சி.ஆர்.2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபின் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த லேப்டாப்கள் இதே குறையோடு வரிசையாக வந்தன: பெரிய பேட்டரி வற்றியதும் சின்னதன் வயது வெளிப்பட்டுவிட்டது. சில லேப்டாப்களில் அதற்கு வயரும் சின்ன இணைப்பும் உண்டு. அதே மாதிரி பார்த்து வாங்க வேண்டும்.

நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது.

80070570 என்று முடியும் பிழை எண் வந்தால் வட்டிலிருந்து ஒரு கோப்பு உடைந்து வந்திருக்கிறது: வட்டு, லென்ஸ், அல்லது ரேம். வேறு வட்டிலும் அதே இடத்தில் நின்றால் ரேமை மாற்றிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் பட்டியல் காலியாக வந்தால், இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து "லோடு டிரைவர்" மூலம் கொடுக்க வேண்டும். டிஸ்க் செத்ததாக முடிவு கட்டாதீர்கள். 64 பிட் வட்டை மிகப் பழைய 32 பிட் பிராசசரில் போட்டால் அது தெளிவாகவே சொல்லிவிட்டு நிற்கும்.

பேட்டரி செத்து, சார்ஜரை மட்டும் நம்பி ஓடும் லேப்டாப்பில் ஐப்பசி மாத மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இடி இடித்ததும் கரண்ட் போகும். பாதி எழுதிய ஹார்ட் டிஸ்க்கோடு மறுநாள் என்னிடம் வருவீர்கள். காலையில் செய்யுங்கள், அல்லது யூ.பி.எஸ்ஸில் செருகுங்கள்.

பழைய கோப்புகள் போய்விடுமா?

கேட்காவிட்டால் போய்விடும். நம் மக்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைக்கிறார்கள். அது சி டிரைவ். விண்டோஸ் போடும்போது முதலில் அழிவது அதுதான். லினக்ஸ் மின்ட் டிவிடியில் பூட் செய்தால், எதையும் நிறுவாமலே ஒரு முழுத் திரை வரும். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து படங்களையும் கணக்குகளையும் பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கடைக்குக் கொண்டுவருகிறேன்.

வாருங்கள். எடுக்காத அந்த வட்டையும் கொண்டுவாருங்கள், தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்துதான் நான் தொடங்குவேன். திரையில் என்ன வந்தது என்பதை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள். பேச்சிப்பாறையிலிருந்து பஸ் ஏறி லேப்டாப், வட்டு, பில், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்தவர், சார்ஜரைக் கட்டில் பக்கத்து பிளக்கில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய லேப்டாப்பின் முனை மெல்லிய ஊசி வகை, என்னிடம் இருந்த எதுவும் பொருந்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் அனுப்பிவைத்தேன்.